பார்க்குக்குள் சாப்பிடுவதா, பார்க்கிங்கில் சாப்பிடுவதா?

தசரா லீவுக்கு ஒன்பது பேர் பெங்களூரை அடுத்த பிடதியில் இருக்கும் தீம் பார்க்குக்குப் போகிறோம். வேன் பேசியாகிவிட்டது. டிக்கெட் எடுக்க மச்சினன் போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறான். ஆனால் ஒரு வாரமாக எங்கள் அல்சூர் வீட்டில் நடக்கிற பேச்சு ராட்டினத்தைப் பற்றியோ அலைக்குளத்தைப் பற்றியோ இல்லை. மத்தியானம் எங்கே சாப்பிடுவது என்பதுதான் பேச்சு.

சிரிக்காதீர்கள். தீம் பார்க் போய் வந்த யாரையாவது கேட்டுப் பாருங்கள். ரைடு எப்படி என்றால் "சூப்பர்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். சாப்பாடு எப்படி என்றால் கால் மணி நேரம் பேசுவார்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கீழே நான் புலம்புவதெல்லாம் வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு பார்க்குகளில் பட்டது. இப்போது போகப்போகிற இடத்தைப் பற்றியது அல்ல. பெயர்களும் வேண்டாம்.

எனக்குப் பில்களைப் பத்திரப்படுத்தும் கெட்ட பழக்கம் உண்டு. 2017-இல் ஒரு பார்க்கில் வெஜ் மீல்ஸ் 130 ரூபாய். சாதம், சாம்பார், ரசம், இரண்டு பொரியல், அப்பளம், ஒரு கரண்டி பாயசம். கேட்டால் முகம் சுளிக்காமல் இன்னொரு கரண்டி சாதம் போட்டார்கள். போன வருஷம் அதே இடத்தில் அதன் பெயர் மினி மீல்ஸ், விலை 280. ஐஸ்கிரீம் அள்ளுகிற கரண்டியால் இரண்டு உருண்டை சாதம் வைத்தார் கவுன்டர் பையன். சாம்பாரின் மேல் ஆடை கட்டியிருந்தது. கரண்டியின் முதுகால் அதை ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து ஊற்றினார். நான் பார்ப்பதை அவரும் பார்த்தார். இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை. ரசம் கிடையாது. அப்பளத்துக்குப் பதில் நான்கு சிப்ஸ்.

விலை இரண்டு மடங்கானதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. எங்கள் தெருமுனை தர்ஷினியிலும்தான், அதாவது நின்றபடி சாப்பிடுகிற சின்ன ஓட்டலிலும்தான், ஏற்றியிருக்கிறார்கள். 2025 ஏப்ரலில் நந்தினி பால் லிட்டருக்கு 4 ரூபாய் கூடியது, காபிக்கொட்டை விலை எங்கேயோ போய்விட்டது, கடைக்காரர் மட்டும் என்ன செய்வார்? ஆனால் அவர் விலையை ஏற்றினாரே தவிர வடையைச் சின்னதாக்கவில்லை. சின்னதாக்கினால் அடுத்த நாளே எதிர்வரிசைக் கடைக்குப் போய்விடுவோம் என்று அவருக்குத் தெரியும். பார்க்குக்குள் எதிர்வரிசை கிடையாது. இருந்தாலும் அதே முதலாளியின் இன்னொரு கடையாகத்தான் இருக்கும்.

அங்கே ரெகுலர் கஸ்டமர் என்று ஒருவரும் இல்லை என்பதும் ஒரு காரணம். இன்று திட்டிவிட்டுப் போகிறவர் மறுபடி வர இரண்டு வருஷம் ஆகும், அதுவும் ரைடுக்காகத்தான் வருவார். போதாததற்கு, ஏப்ரல், மே மாதங்களில் வருகிற கூட்டம் ஜூலை மாதச் செவ்வாய்க்கிழமையில் வராது. சமையல்காரர்களை வருஷம் முழுக்க வைத்துக்கொள்ளக் கட்டுப்படியாகாது. சீசனுக்கு ஆள் பிடிக்கிறார்கள், அல்லது கடையைக் காண்ட்ராக்டுக்கு விடுகிறார்கள். வாடகையோ வியாபாரத்தில் பங்கோ கொடுக்கிற காண்ட்ராக்டர் அதைச் சாம்பாரிலிருந்துதான் எடுக்க வேண்டும். பார்க் நடத்துகிறவர்களுக்கும் சாப்பாடு என்பது நமக்குச் செய்யும் உபசாரம் இல்லை. லாக்கர், நீச்சல் உடை, பொம்மைக் கடை ஆகியவற்றோடு சேர்த்து டிக்கெட்டைத் தாண்டி வரும் வருமானம் என்று தனியாகக் கணக்குப் பார்க்கிற விஷயம் அது.

சரி, புலம்பல் போதும். எங்கள் முன்னால் இருக்கும் வழிகளுக்கு வருகிறேன்.

முதல் வழி, உள்ளே போய்ப் பசிக்கும்போது பிடித்ததை வாங்கிச் சாப்பிடுவது. மச்சினனின் கட்சி இது. "ஒரு நாள்தானே மாமா, எதுக்கு இவ்வளவு கணக்கு?" என்கிறான். இளசுகள் நான்கு பேர் போனால் நானும் இதையே சொல்லுவேன். ஆனால் எங்கள் கூட்டத்தில் மாமனார் இருக்கிறார். அவருக்குச் சர்க்கரை. சாப்பாட்டுக்கு முன்னால் போடும் மாத்திரை ஒன்று உண்டு, போட்டுவிட்டால் சீக்கிரம் சாப்பிட்டாக வேண்டும்.

போன தடவை நடந்தது இது. சாப்பாட்டுக் கூடத்தில் நுழைந்ததும், "வரிசை நகருது" என்று நம்பி ஒன்றே காலுக்கு மாத்திரையைப் போட்டுவிட்டார். தட்டு கைக்கு வந்தபோது மணி இரண்டு ஐந்து. நடுவில் பில் போடும் மெஷின் ஒன்று நின்றுவிட்டது. அவருக்கு நெற்றியெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழற ஆரம்பித்ததும் என் மனைவி ஓடிப்போய் ஒரு மாம்பழ ஜூஸ் பாக்கெட் வாங்கி வந்து குடிக்க வைத்தாள். அதற்கு எவ்வளவு கொடுத்தோம் என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து பார்க் சாப்பாடு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது விலை இல்லை, அந்த ஐம்பது நிமிஷம்தான்.

ஆகவே இந்த வழியில் போகிறவர்கள் வரிசையைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மணிக்கும் இரண்டரைக்கும் நடுவே போகவே போகாதீர்கள். பதினொன்றே முக்காலுக்கோ மூன்று மணிக்கோ போனால் கூட்டம் இல்லை, அந்த நேரத்தில் ரைடு வரிசை கொஞ்சம் நீளம் என்றாலும் பரவாயில்லை. கண் முன்னால் செய்து கொடுக்கிறதை மட்டும் வாங்குங்கள். கல்லில் வார்க்கிற தோசை, ஆம்லெட், வேகவைத்த சோளம். காலையில் செய்து சூட்டுப்பெட்டியில் வைத்ததை எல்லாம் அப்படியே தாண்டிப் போய்விடலாம். சமைத்த சாப்பாடு 60 டிகிரிக்குக் குறையாத சூட்டில் இருந்தால்தான் கிருமிக்கு இடமில்லை. அந்தப் பெட்டி எவ்வளவு சூட்டில் இருக்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும்? சாதத்திலிருந்து ஆவி வருகிறதா என்று பார்ப்பதுதான் நம்மால் ஆன சோதனை.

குழந்தைகள் கேட்கிற சிவப்பு கோபி மஞ்சூரியன், இளஞ்சிவப்புப் பஞ்சுமிட்டாய் விஷயத்தில் நமக்கு ஒரு சட்டத் துணை இருக்கிறது. 2024 மார்ச்சில் கர்நாடக அரசு கோபியில் செயற்கை நிறம் சேர்ப்பதையும் ரோடமின்-பி என்ற சாயம் போட்ட பஞ்சுமிட்டாயையும் தடை செய்துவிட்டது. கோபி ரத்தச் சிவப்பில் மின்னினால் என் பையனிடம் "கவர்மென்ட்டே வேண்டாம்னு சொல்லிடுச்சுடா" என்பேன். அப்பா சொன்னால் கேட்காதவன், அரசு சொன்னால் கேட்கிறான்.

பணமே கையில் இல்லாமல் செலவாகிற ஏற்பாடும் சில இடங்களில் உண்டு. தண்ணீரில் நனைகிற இடம் என்பதால் முன்பணம் ஏற்றிய பட்டையைக் கையில் கட்டிவிடுவார்கள். காட்டினால் போதும், கழிந்துவிடும். 500 ரூபாய் நோட்டை மாற்றும்போது வரும் சின்ன உறுத்தல் பட்டையைக் காட்டும்போது வருவதில்லை. சாயங்காலம் மீதியைத் திரும்ப வாங்கத் தனி வரிசை வேறு. நூறு ரூபாய்க்காக யார் நிற்பது என்று பாதிப் பேர் வந்துவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் அத்தை நிற்பார்கள்.

இரண்டாவது வழி, டிக்கெட்டோடு சாப்பாட்டையும் சேர்த்து முன்கூட்டியே வாங்கிவிடுவது. இதை நான் ரொம்ப நாள் ஏமாற்று வேலை என்றே நினைத்திருந்தேன். மூன்று வயதுக் குழந்தைக்கும் இரண்டு கரண்டி தயிர் சாதத்தோடு எழுந்துவிடுகிற அத்தைக்கும் பஃபே எதற்கு? அது இப்போதும் சரிதான். ஆனால் கவனித்ததில் ஒன்று புரிந்தது. கூட்டமான நாளில் பஃபேயே மேல். பாத்திரம் பத்து நிமிஷத்தில் காலியாகிறது, அடுத்தது சூடாக வருகிறது. அதே நாளில் தனித்தனியாக ஆர்டர் செய்தால் வரிசையில் காய வேண்டும். கூட்டமில்லாத வார நாளில் இது அப்படியே தலைகீழ். நூடுல்ஸ் பதினொன்றரையிலிருந்து மூடி போட்ட தட்டத்தில் ஊறிக் களியாகிக் கிடக்கும், ஆர்டர் தோசையோ ஐந்து நிமிஷத்தில் மொறுமொறுவென்று வரும். ஆக, போகிற கிழமையைப் பார்த்துவிட்டுத்தான் இதை முடிவு செய்ய வேண்டும். நாங்கள் போவது தசரா லீவில். கூட்டத்துக்குக் குறைவே இருக்காது.

பஃபேயில் இன்னொரு ஆபத்து நாம்தான். கொடுத்த காசுக்குச் சாப்பிட வேண்டும் என்று மூன்றாவது குலாப் ஜாமூனைப் போட்டுக்கொண்டு, நேராகப் போய்த் தலைகீழாகச் சுற்றும் ரைடில் ஏறுகிற ஆசாமிகளை நான் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை அந்த ஆசாமி நானே.

மூன்றாவது வழிக்குத் தலைவி அத்தை. கட்டுச்சோறு. "புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிட்டா எதுக்கு மாப்பிள்ளை இந்த வம்பு?" என்கிறார்கள். சுவையில் இதற்குப் போட்டியே இல்லை. முதல் நாள் ராத்திரியே நல்லெண்ணெயில் புளிக்காய்ச்சலைச் சுண்டக் காய்ச்சி வைத்துவிடுவார்கள். விடிகாலையில் சாதத்தை வடித்து ஆறவைத்துப் பிசைந்தால், புளிப்பும் எண்ணெயும் சேர்ந்து சாயங்காலம் வரை கெடாது. தயிர் சாதத்துக்கு அவர்கள் கை வேலை வேறு. குழைந்த சாதத்தில் தயிரைக் கொட்ட மாட்டார்கள். காய்ச்சி ஆறிய பாலை ஊற்றி, ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் விட்டுப் பிசைந்து மூடிவிடுவார்கள். வேன் குலுங்கக் குலுங்க அது போகிற வழியிலேயே உறையும். மத்தியானம் திறந்தால் புளிப்பு ஏறாத, அப்போதுதான் உறைந்த வாசனை வரும்.

ஆனால் அது வாசலைத் தாண்டாது. நம் ஊர்த் தீம் பார்க்குகளில் பெரும்பாலும் வெளிச்சாப்பாட்டை உள்ளே விடுவதில்லை. ஒரு தடவை அத்தை புடவைகளுக்கு நடுவே ஒரு டப்பாவை வைத்துப் பார்த்தார்கள். செக்யூரிட்டிப் பெண் பையைத் திறக்கக்கூட இல்லை. பெருங்காய வாசனையிலேயே, "அம்மா, ஊட்டா பேடம்மா" (சாப்பாடு வேண்டாம்மா) என்று கன்னடத்தில் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

இதில் சட்டம் பேசலாமா என்று மச்சினன் கேட்டான். பேசிப் பயனில்லை. 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சினிமாத் தியேட்டர் வழக்கில், வெளிச்சாப்பாட்டைத் தடுக்கத் தியேட்டர்காரருக்கு உரிமை உண்டு என்று சொல்லிவிட்டது. கூடவே, குடிதண்ணீரை இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக்கூடாது என்றும் சொன்னது. அது தியேட்டருக்கான தீர்ப்பு. ஆனாலும் குழந்தையின் கஞ்சி டப்பாவையும் மாமாவின் மாத்திரை, குளுக்கோஸ், பிஸ்கட் பாக்கெட்டையும் பைக்குள் ஒளிக்காமல் வெளியே எடுத்துக் காட்டிக் கேட்டால், நான் போன எந்த வாசலிலும் மறுக்கவில்லை. மறைத்தால்தான் தகராறு.

தண்ணீர் பாட்டிலில் எம்ஆர்பிக்கு மேல் வாங்குகிறார்களே என்றும் சண்டை வரும். 2017 டிசம்பரில் வந்த சுப்ரீம் கோர்ட் தீர்ப்பின்படி, உட்கார வைத்துப் பரிமாறுகிற ஓட்டலில் எம்ஆர்பிக்கு மேல் வாங்கினால் குற்றமில்லை. அங்கே நாம் பாட்டிலை மட்டும் வாங்கவில்லை, மேஜை, மின்விசிறி, சேவை எல்லாம் சேர்த்துத்தான் காசு என்பது வாதம். கவுன்டரில் பாட்டிலை எடுத்துக் கையில் கொடுக்கிற பெட்டிக்கடைக்கு அந்தச் சலுகை இல்லை. காலி பாட்டில் எடுத்துப் போய்க் குழாயில் பிடித்துக்கொள்வது இந்தச் சண்டையைவிடச் சுலபம். பில்லில் ஐந்து சதவீத ஜிஎஸ்டி இருப்பது முறை. அதற்கு மேல் சர்வீஸ் சார்ஜ் என்று ஒரு வரி இருந்தால் எடுக்கச் சொல்லலாம், அது கட்டாயமில்லை என்று 2025 மார்ச்சில் டெல்லி ஹைகோர்ட்டும் சொல்லிவிட்டது.

என் தங்கை கலிஃபோர்னியாவில் இருக்கிறாள். அங்கே டிஸ்னிலேண்டுக்குப் போகும்போது சப்பாத்தி ரோல் சுற்றி எடுத்துக்கொண்டு போவாளாம். கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது, மற்றபடி வீட்டுச் சாப்பாட்டை உள்ளே விடுகிறார்கள். உள்ளே விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது என்றாலும், வேண்டாதவர்கள் வாங்காமல் இருக்க ஒரு வழியை வைத்திருக்கிறார்கள். அதே டிஸ்னியின் டோக்கியோ பார்க்கில் விட மாட்டார்கள், ஆனால் வாசலுக்கு வெளியே கட்டுச்சோறு சாப்பிடுவதற்கென்றே மேஜை, நாற்காலியோடு ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். இதைக் கேட்டதும் அத்தை, "அப்ப நம்ம பார்க்கிங்ல சாப்பிடுறது தப்பில்லைல்ல?" என்றார்கள்.

தப்பில்லைதான். ஆனால் நடுவில் வெளியே வந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி உள்ளே போக முடியுமா என்பதில்தான் இந்த வழியின் உயிரே இருக்கிறது. கையில் முத்திரை குத்தி விடுகிற இடங்களும் உண்டு, வெளியே போனால் போனதுதான் என்கிற இடங்களும் உண்டு. டிக்கெட் எடுக்கும் முன் போன் போட்டுக் கேட்டுவிட வேண்டியது. விட்டாலும், ஈர உடையோடு ஒன்பது பேரையும் திரட்டி, வெயிலில் நடத்தி, சாப்பிட வைத்துத் திரும்ப ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். ஆயிரக்கணக்கில் டிக்கெட் எடுத்துவிட்டு அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பார்க்கிங்கில் கழிக்கக் குழந்தைகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

நான்காவது வழிதான் என் கட்சி. வாசலுக்குள் நுழையும் முன்பே வயிற்றை நிரப்பிக்கொள்வது. மைசூர் ரோட்டில் இதற்கு ஊரே இருக்கிறது. 2005-இல் வொண்டர்லா தீம் பார்க் வந்த பிறகு பிடதி என்றால் குழந்தைகளுக்கு ரைடு. அதற்கு முன்னாலும் இப்போதும் பெரியவர்களுக்குப் பிடதி என்றால் தட்டே இட்லி. சின்னத் தட்டு அகலம், விரல் கனம், நடுவில் அழுத்தினால் பஞ்சு மாதிரி எழும். மேலே ஒரு துண்டு வெண்ணெய் போட்டுத் தருகிற கடையும் உண்டு. அது உருகி ஓரத்துக்கு ஓடும் முன் கெட்டிச் சட்னியோடு பிய்த்துவிட வேண்டும். இரண்டு இட்லி, ஒரு வடை, ஒரு காபி. ஒன்பது மணிக்கு இதை முடித்தால் இரண்டு மணி வரை எனக்குப் பசி என்ற நினைப்பே வராது.

ஒரே சிக்கல், இப்போது அந்தக் கடைகள் தானாக வழியில் வருவதில்லை. 2023 மார்ச்சில் பெங்களூர்-மைசூர் எக்ஸ்பிரஸ்வே திறந்த பிறகு பிரதான சாலை பிடதி ஊரைச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. வேன் டிரைவர் மேலே ஏறிவிட்டால் இட்லி கீழே போய்விடும். கெங்கேரி தாண்டியதுமே, "பழைய ரோட்டுலயே போங்கண்ணா" என்று சொல்லிவிட வேண்டும்.

இந்த வழியின் ஓட்டை மாமாதான். காலையில் எவ்வளவு சாப்பிட்டாலும் அவருக்கு ஒரு மணிக்குச் சாப்பாடு வேண்டும். மூன்று வயதுக்காரியும் பதினொரு மணிக்கே ஏதாவது கேட்பாள்.

அப்புறம் ஐந்தாவதாக என் மனைவி ஒரு யோசனை சொன்னாள். பார்க்கே வேண்டாம், எங்காவது மரத்தடியில் ஜமக்காளம் விரித்து உட்காரலாம். குழந்தைகள் இரண்டு பேரும் அவளைப் பார்த்த பார்வையில் அது அங்கேயே முடிந்துவிட்டது.

நேற்று ராத்திரி உட்கார்ந்து முடிவு செய்தோம். எல்லாருக்கும் ஒரே வழி என்று பிடிவாதம் பிடித்ததுதான் இத்தனை வருஷமாக நாங்கள் செய்த தப்பு. ஒன்பது பேர், மூன்று விதமான பசி. சாப்பாட்டோடு சேர்ந்த டிக்கெட் மாமாவுக்கும் அவர் கூடப் போய் உட்கார எனக்கும் மட்டும். பஃபே திறந்ததும், பன்னிரண்டரைக்குள் போய் உட்கார்ந்துவிடுவோம். தட்டை எடுத்து வந்து மேஜையில் வைத்த பிறகுதான் அவர் மாத்திரை போடுவார், இது என் மனைவியின் உத்தரவு. அத்தைக்குத் தனியாக ஒரு தயிர் சாதம், இல்லையென்றால் இட்லி, எது சூடாக இருக்கிறதோ அது. மச்சினனும் அவன் மனைவியும் குழந்தைகளும் காலை இட்லி பலத்தில் மூன்று மணி வரை ஓட்டிவிட்டு, கூட்டம் வடிந்ததும் தோசையோ சோளமோ வாங்கிக்கொள்வார்கள். அதற்கென்று ஆயிரம் ரூபாயைத் தனியாக ஒதுக்கி மச்சினன் கையில் கொடுத்தாயிற்று. மிஞ்சினால் அவனுக்கு, மீறினால் அவன் செலவு.

கட்டுச்சோறு? அது வேனிலேயே இருக்கும். ஐந்தரைக்கு வெளியே வந்து, தலை துவட்டி, உடை மாற்றி, வேன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடுவதற்கு. தண்ணீரில் ஆடிவிட்டு வந்த பசிக்குப் புளியோதரை மாதிரி எதுவும் இல்லை. தயிர் சாதம் மட்டும் அதுவரை தாங்காது என்று நான் சொன்னேன். அத்தை கொஞ்ச நேரம் யோசித்தார்கள்.

"பாலையும் சாதத்தையும் தனித்தனியா எடுத்துக்குவோம். பாலை ஃப்ளாஸ்க்ல ஐஸ் போட்டு வெச்சிடு. சாயங்காலம் பிசைஞ்சுக்கலாம். தயிர் போற வழியில கிடைக்கும்" என்றார்கள். மச்சினன் மட்டும் இன்னும் விடவில்லை. வரும்போது கெங்கேரியில் தொன்னை பிரியாணி சாப்பிட வேண்டுமாம்.